ஏழு நொடி

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

என் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். ‘விவசாயம்’ என்று எழுதினேன். அது பொய்யன்று. வல்லத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் மல்லாட்டை போடுவோம். பெய்யாவிட்டால் அப்பா கூலிக்குப் போவார். ஆனால் அது முழு மெய்யுமன்று. பங்குனி பிறந்து ஆடி முடியும்வரை என் தந்தையார் பம்பைக்காரர். செஞ்சி வட்டாரத்தில் எந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினாலும் அப்பாவுக்கு ஆள் வரும். தோளில் பம்பையை மாட்டிக்கொண்டு போவார். மூன்று நாள், நான்கு நாள் கழித்துக் கண்கள் சிவந்து, குரல் கம்மித் திரும்பி வருவார். அந்த வருமானத்தில்தான் என் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கப்பட்டன.

அந்தப் படிவத்தில் ஏன் ‘பம்பை’ என்று எழுதவில்லை? எழுத இடம் போதாமல் இல்லை. கை வரவில்லை. நண்பர்களே, இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு நான் இலண்டன் மாநகர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கின்றது. பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஒளியியல் தேர்வுக்கு முந்தைய இரவு, விடுதியில் ஒரு நண்பன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி படித்துக்கொண்டிருந்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டு எப்படிப் படிக்க முடியும் என்று கேட்டேன். “இதில் பாட்டே கிடையாது, கேட்டுப் பார்” என்று ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். முதலில் ஒரு நீண்ட சுரம், ஏரிமேல் மூடுபனி படர்வதுபோல் படர்ந்தது. அரை நிமிடம் வேறொன்றும் இல்லை. பிறகு மத்தளங்கள் வந்தன. வந்தன என்பதைவிடப் பொழிந்தன என்றே சொல்ல வேண்டும். அத்தனை வேகம்! ஆனால் அந்த வேகத்துக்கு அடியில், மிக ஆழத்தில், ஒரு கனத்த மந்தர ஒலி ஆற அமர நடந்துகொண்டிருந்தது. மேலே ஓட்டம், கீழே நடை, இரண்டையும் சூழ்ந்து வெட்டவெளி. எனக்கு உடல் சிலிர்த்தது. இதை நான் எங்கோ கேட்டிருக்கின்றேன் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

அவன் பெயர் சொன்னான்: ‘அட்மாஸ்ஃபெரிக் டிரம் அண்டு பேஸ்’. தமிழ்த் துறையில் ஒரு விரிவுரையாளரிடம் இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். சற்று யோசித்து, “முழவும் மந்தரமும் என்று சொல்லிப் பாரேன்” என்றார். அந்த முன்னொட்டுக்கு மட்டும் அவருக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை. ‘வெளிசூழ்’ என்பார் அவர். ‘மூடுபனி’ என்பேன் நான்.

இந்த இசை பிறந்தது இங்கிலாந்தில், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அங்கே அப்போது இளைஞர்கள் பழைய கிடங்குகளிலும் திறந்த வெளிகளிலும் இரவு முழுதும் கூடி ஆடினார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் தெருக்களில் இருந்த பெரும் பெரும் ஒலிபெருக்கிகளின் மந்தர ஒலியைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய இசைத்தட்டுகளில் இருந்து மத்தளத் துண்டுகளை வெட்டி எடுத்து, வேகம் கூட்டி, அதன்மேல் வைத்தார்கள். முதலில் ‘ஜங்கிள்’ என்றார்கள். பிறகு ‘டிரம் அண்டு பேஸ்’ என்றார்கள். நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வரை போகும் வேகம். நம் இதயம் அமைதியாக இருக்கையில் அடிப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த ஆரவாரத்துக்குள் அமைதியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் சிலர். அவர்களில் முதலாமவர் என நான் கருதுவது எல்.டி.ஜே. புக்கெம் என்பவரை. இயற்பெயர் டேனி வில்லியம்சன், பிறப்பு 1967. சிறு வயதில் முறையாகப் பியானோ கற்றவர். ஜாஸ் இசையில் தோய்ந்தவர். 1991-இல் ‘குட் லுக்கிங்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் ‘டீமன்ஸ் தீம்’, அடுத்த ஆண்டு ‘மியூசிக்’, 1995-இல் ‘ஹொரைசன்ஸ்’. பெயர்களைப் பாருங்கள்! தொடுவானம் என்று ஒரு மத்தள இசைக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு மனம் வேண்டுமல்லவா? 1994-இல் ஃபேபியோ என்பவரோடு சேர்ந்து இலண்டனில் ‘ஸ்பீட்’ என்ற இரவுக் கூடலை நடத்தினார். 1996-இல் ‘லாஜிக்கல் புரோக்ரஷன்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அவரோடு மேடையில் மெல்லிய குரலில் பேசிப் பாடிய எம்.சி. கான்ராட் 2024-இல் மறைந்தார். மற்றவர்கள் ஒலிவாங்கியில் முழங்கியபோது, காதருகே பேசுவதுபோல் பேசியவர் அவர் என்று என் நண்பன் பெருமையாகச் சொல்வான், ஏதோ அவனுடைய சித்தப்பாவைப்போல.

ஓம்னி டிரியோ என்ற பெயரில் ராப் ஹே. ‘4 ஹீரோ’ என்ற பெயரில் மார்க் மாக், டீகோ என்ற இருவர், இவர்களுடைய ‘பேரலல் யூனிவர்ஸ்’ 1994-இல் வந்தது. கோல்டி என்பவரின் ‘டைம்லெஸ்’ 1995-இல். அதன் தலைப்புப் பாடல் மட்டும் இருபத்தொரு நிமிடம் ஓடும். அதில் பாடிய டயான் சார்ல்மேன் என்ற அம்மையாரின் குரல், நள்ளிரவில் கேட்டால் கண்ணில் நீர் வரவழைக்கும் குரல். அவரும் 2015-இல் மறைந்துவிட்டார். 1997-இல் இங்கிலாந்தின் மெர்க்குரி விருது ரோனி சைஸ் குழுவுக்குக் கிடைத்தபோது, கிடங்கில் பிறந்த இந்த இசை அரண்மனைக் கதவைத் தட்டிவிட்டது என்றே சொல்லலாம்.

இவர்களிடம் பெரிய வாத்தியக் குழு ஏதும் இல்லை. ‘அக்காய்’ என்ற சப்பானிய நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று, ஒரு கணிப்பொறி, ஒரு படுக்கையறை. அந்தப் பெட்டியின் நினைவகம் மிகச் சிறியது. சில நொடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே சில நொடிகளையே எடுத்துப் பதினாறாக நறுக்கி, முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கி, ஏழெட்டு நிமிட இசையாக நெய்தார்கள். வறுமையில் பிறந்த கைத்திறன். எங்கள் அம்மா ஒரு பழம்புடவையை வெட்டித் தலையணை உறை, தூளி, கைப்பிடித்துணி என்று நான்கு பொருள் செய்வதை நான் பார்த்திருக்கின்றேன். ஆதலால் எனக்கு இது எளிதில் விளங்கிற்று.

இதில் நமக்கு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. இலண்டனில் பிறந்து வளர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை டால்வின் சிங். தபேலா கற்றவர். இந்த வேக மத்தளத்தோடு தபேலாவைச் சேர்த்தார். ‘அனோக்கா’ என்ற பெயரில் இலண்டனில் வாரந்தோறும் ஓர் இசை இரவு நடத்தினார். 1997-இல் அதே பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். இலண்டன் வாழ் ஆசிய இளைஞர்களின் ஆக்கங்கள் நிறைந்த அத்தொகுப்பில், நடுவே, நம் ஏ.ஆர். ரகுமான் 1995-ஆம் ஆண்டு ‘பம்பாய்’ படத்துக்காக அமைத்த கருப்பொருள் இசையும் இடம்பெற்றது. சென்னையில் பிறந்த புல்லாங்குழல் ஒலி, இலண்டன் மத்தளங்களுக்கு நடுவே போய் அமர்ந்தது! அடுத்த ஆண்டு வந்த டால்வின் சிங்கின் ‘ஓகே’ என்ற தொகுப்பு 1999-இல் மெர்க்குரி விருதைப் பெற்றது. பின்னர், ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இலண்டனில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர், சென்னைக்கு வந்து நம் உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போய் 2007-இல் தம் ‘கலா’ தொகுப்பில் சேர்த்தார். கலா என்பது அவருடைய தாயார் பெயர். உலகமெல்லாம் அந்த உறுமியைக் கேட்டது. அதை அடித்தவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்வி என்னைக் குத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன், இந்த இசை முழுவதற்கும் வித்தாக விழுந்த ஏழு நொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1969-இல் அமெரிக்காவில் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது. அவர்கள் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். முன்பக்கத்துப் பாடல் நன்றாக ஓடிற்று; அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. பின்பக்கத்தை நிரப்புவதற்காக, ஒரு தேவாலயப் பாட்டைத் தழுவி, சொற்கள் இல்லாத ஓர் இசையை வாசித்தார்கள். பெயர் ‘ஆமென், பிரதர்’. அதன் நடுவே மற்ற கருவிகள் எல்லாம் நின்றுவிட, கிரகரி கோல்மன் என்ற மத்தளக்காரர் மட்டும் தனியாக நான்கு ஆவர்த்தனம் அடிக்கிறார். ஏறத்தாழ ஏழு நொடி. அவ்வளவுதான்.

அந்த ஏழு நொடியைத்தான் இலண்டன் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே அமெரிக்க ராப் பாடகர்கள் எடுத்திருந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான பாடல்களில் அது இருக்கின்றது; விளம்பரங்களில், படங்களில், கணிப்பொறி விளையாட்டுகளில் இருக்கின்றது; இருபது வயதுப் பெண்கள் இப்போது இங்கிலாந்தில் பாடும் புதிய பாட்டுகளிலும் அதே துடிப்பு திரும்பி வந்திருக்கின்றது. தேர்வுக்கு முந்தைய இரவில் நம் விடுதியில் ஒருவன் காதிலும் இருக்கின்றது.

இயற்பியல் மாணவன் என்பதால் ஓர் இடைச்செருகல். கோல்மன் வாசித்தது நிமிடத்துக்கு ஏறத்தாழ 136 அடி. டிரம் அண்டு பேஸில் அதை 170 வரை ஓட்டுகின்றார்கள். இசைத்தட்டைச் சும்மா வேகமாகச் சுழற்றினால், வேகம் கூடுகிற விகிதத்திலேயே அதிர்வெண்ணும் கூடும். 170-ஐ 136-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐந்துக்கு நான்கு. இது நம் இசையில் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதம்! அந்த மத்தளம் ஏன் கனம் இழந்து கலகலவென்று ஒலிக்கின்றது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கனத்தை மந்தர ஒலி ஈடுகட்டுகின்றது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். எங்கள் வீட்டைவிட நீளம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அதைத் தர இயலாது. அதனால்தான் கைப்பேசியில் வைத்து இதைக் கேட்பவர்கள், “என்னடா இது, தகரக் கொட்டகைமேல் மழை பெய்கிறாற்போல்” என்கின்றார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் பாதி இசையைத்தான் கேட்கின்றார்கள்.

கோல்மனுக்கு வருவோம். அந்த ஏழு நொடிக்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கே, தம் இசைத்தட்டு இப்படிப் பயன்படுகின்றது என்ற செய்தி 1996-இல்தான் தெரிந்தது. வழக்குத் தொடுப்பதற்கான காலம் கடந்துவிட்டிருந்தது. 2015-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்காரர் இருவர் மனம் பொறாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 24,000 பவுண்டு ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். அதைப் பெற கோல்மன் இல்லை. அவர் 2006-இல், வீடின்றி, வறுமையில் இறந்துபோனார். தாம் அடித்த அடி உலகைச் சுற்றியது அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை என்று ஸ்பென்சர் சொல்லியிருக்கின்றார்.

இதைப் படித்த அன்று இரவு நான் என் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், செய்தித்தாளுக்குக் கீழே, ஒரு விண்ணப்பம் மடித்தபடி கிடந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராவதற்கான விண்ணப்பம். அப்பா யாரிடமோ கேட்டு வாங்கி வந்து, “நீதான் படிச்சவன், நல்லா எழுதிக் குடு” என்று என் கையில் கொடுத்தது. கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு முறை கேட்டார். “தேர்வு இருக்குப்பா” என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

தேர்வு காரணமன்று. விண்ணப்பத்தோடு பம்பையை மாட்டிக்கொண்டு எடுத்த படம் ஒன்று வைப்பது நல்லது என்று உடன் அடிக்கும் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். படம் எடுக்கச் செஞ்சிக்குப் போக வேண்டும். பேருந்து நிலையத்தில் நம் கல்லூரித் தோழர்கள் நிற்பார்கள். பம்பையும் அப்பாவும் நானுமாக அவர்கள்முன் நடக்க வேண்டும். அதற்காக ஓராண்டு. இதைவிடக் கேவலமான காரணம் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் ஒரு மத்தளக்காரருக்கு நேர்ந்த அநீதிக்காக விடுதியில் கண்கலங்கியவனும் இதே ஆள்தான்.

விடுமுறைக்கு வல்லம் போனேன். அது திரௌபதி அம்மன் திருவிழாக் காலம். எங்கள் வட்டாரத்தைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சொல்: செஞ்சி என்றால் எல்லோரும் கோட்டையைச் சொல்வார்கள்; இராசகிரியைச் சொல்வார்கள்; 1714-இல் போரில் மாண்ட இராசா தேசிங்கைச் சொல்வார்கள். 2025-இல் அக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி மேலச்சேரி இருக்கின்றது. திரௌபதி அம்மன் செஞ்சி நாட்டில்தான் மறுபடி தோன்றினாள் என்பதும், அங்குள்ளதே மூலக் கோயில் என்பதும் இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இங்கே வந்து ஆய்ந்து, திரௌபதி வழிபாடு பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை 1988-இல் வெளியிட்டார். ‘செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை’ என்பது அதன் துணைத் தலைப்பு. எங்கள் ஊர் இருக்கும் பக்கத்திலிருந்துதான் பாரதப் போருக்கே வழி போகின்றது!

பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, இறுதியில் மண்ணால் பெரிதாகச் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம், மாலையில் தீமிதி. இவற்றுக்கு இடையே அம்மனை அழைக்க வேண்டிய வேளைகளில் பம்பை வேண்டும். பம்பை என்பது ஒன்றன்று, இரண்டு. கீழே மரத்தால் ஆனது. மேலே வெண்கலத்தால் ஆனது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, இடுப்புக்கு நேரே தொங்கவிட்டு அடிப்பார்கள். வெண்கலம் வெடிக்கும்; மரம் முனகும். உடன் உடுக்கையும் சிலம்பும். வர்ணிப்பு தொடங்கும்போது அடி நிதானமாக இருக்கும். ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வெண்கலத்தின் அடிகளைத் தனித்தனியாகக் கேட்க முடியாது. ஆனால் மரப் பம்பை தன் நடையை விடாது. அந்த நேரத்தில்தான் யாருக்காவது அருள் வரும்.

அன்று இரவு கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது, விடுதியில் என் உடல் ஏன் சிலிர்த்தது என்பது விளங்கிற்று. மேலே ஓட்டம், கீழே நடை. வெளி மட்டும் இங்கே ஒலிப்பதிவுப் பெட்டியால் செய்ததன்று. மார்கழிப் பனியும் ஆடிக் காற்றும் உலவுகிற உண்மையான வெட்டவெளி. கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் உட்கார்ந்து எண்ணினேன். உச்சத்தில் மரத்தின் நடை நிமிடத்துக்கு 84. வெண்கலத்தின் ஓட்டம் அதற்கு இரு மடங்கு, நான்கு மடங்கு. ஓர் ஊரில், ஓர் இரவில், ஒரு பையன் எடுத்த அளவு இது; ஆய்வு முடிவு என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணிவிடக் கூடாது. இலண்டனுக்கும் வல்லத்துக்கும் கொடி வழி உறவு கட்டவும் நான் வரவில்லை. மனித உடலை ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் பிடித்தால் அது தன்வசம் இழக்கும் என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் முன்னதாக.

திண்ணையில் சாய்ந்திருந்த அப்பாவின் காதில் கருவியை மாட்டி, புக்கெமின் இசையை வைத்தேன். முதலில் அந்த மூடுபனிச் சுரத்துக்கு முகம் சுளித்தார். “இன்னாடா, ஆரம்பிக்கவே மாட்டேங்குறான்?” மத்தளம் வந்ததும் கண்ணை மூடினார். நான் எதிர்பார்த்தது, அவர் விரல் அந்த வேகத்தோடு ஓடும் என்று. ஓடவில்லை. தொடையில் ஒற்றை விரலால் மெல்ல, மந்தர ஒலியின் நடையைத் தட்டினார்.

“வேகமெல்லாம் சும்மா, மேலுக்கு. கீழ ஒருத்தன் நிதானமாப் போறான் பாரு, அவன்தான் ஆளு” என்றார்.

நான் எத்தனை நாள் படித்துத் தெரிந்துகொண்டது! மூன்று நிமிடம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “அடிக்கிறவன் எங்கயும் மூச்சு விடலியே. ஒரே அடி திரும்பத் திரும்ப வருது. உசுரோட இருக்கறவன் இப்படி அடிக்க மாட்டான்.”

அடித்தவர் உயிரோடு இல்லை என்றேன். கோல்மனின் கதையைச் சொன்னேன். அப்பா காதுக்கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கதை முடிந்ததும், “அவனுக்கு எழுதிக் குடுக்க ஆளு இல்லையா?” என்றார்.

அந்தக் கேள்வியில் குத்தல் ஏதும் இல்லை. என் அப்பாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. விசாரித்தார், அவ்வளவே. நான் எழுந்து உள்ளே போய் விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்து வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை இழுத்து அருகில் வைத்தார்.

பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் எளிதில் முடிந்தன. ‘கலையின் பெயர்’ என்ற இடத்தில் ‘பம்பை’ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. ‘எத்தனை ஆண்டு அனுபவம்’ என்ற இடத்தில்தான் நின்றோம். அப்பாவுக்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது. தாத்தாவுக்குக் கை வலித்த ஒரு விழாவில், வர்ணிப்பு நடுவிலேயே பம்பையைக் கழற்றி அப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டாராம். அது எந்த ஆண்டு? அம்மா அடுப்படியில் இருந்தே ஏதோ ஓர் ஆண்டு சொன்னாள். அப்பா இல்லை என்றார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். கடைசியில், “எம்.ஜி.ஆர். செத்த மார்கழி இருக்கு பாரு, அதுக்கு அடுத்த பங்குனி” என்று முடிவாயிற்று. 1988 என்று நான் கணக்கிட்டேன். செஞ்சியைப் பற்றிய அந்த அமெரிக்கர் நூல் வெளிவந்த அதே ஆண்டு! அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் பெரிய வியப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. “அப்பா எனக்கு அன்னிக்கி ரெண்டு ரூபா குடுத்தாரு” என்றார்.

கற்றுக் கொடுத்தவர் யார் என்று விண்ணப்பத்தில் கேட்கவில்லை. ஆனால் அப்பா சொல்லிக்கொண்டே போனார்: தாத்தா, தாத்தாவின் மாமன், அவருக்குக் கற்றுக்கொடுத்த அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிழவர் ஒருவர். என் ஆய்வக ஏட்டின் கடைசித் தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எந்தத் தாளக்கட்டு யாரிடம் இருந்து வந்தது என்பதையும் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று தாள் ஆயிற்று. ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் அந்தத் தாள்களைக் கண்டால் மன்னிக்க வேண்டும்.

திங்கட்கிழமை செஞ்சிக்குப் போனோம். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். பம்பைக்கு வெண்கலம் மினுங்கப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். பேருந்து நிலையத்தில் நான் எண்ணியபடியே நம் வகுப்புத் தோழர்கள் மூவர் நின்றார்கள். ஒருவன் “என்னடா இது?” என்றான். “பம்பை. எங்க அப்பா அடிப்பாரு” என்றேன். “தொடலாமா?” என்று கேட்டான். அப்பா தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தார். அவன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். மரப் பக்கத்தைத் தட்டினான் என்பதை நான் கவனித்தேன். அதற்குள் அவர்களுடைய பேருந்து வந்துவிட்டது. ஓராண்டு காலம் நான் அஞ்சிக்கொண்டிருந்தது, கடிகாரம் வைத்துப் பார்த்தால், ஒரு நிமிடம்கூட இருக்காது.

படம் எடுக்கும் கடையில், பம்பை பாதி மறைகிறது, கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்றார்கள். இதற்குமேல் இறக்கினால் அடிக்க வராது என்று அப்பா மறுத்துவிட்டார். “படத்துக்குத்தானே ஐயா!” என்றார் அவர். “படத்துலயும் நான்தானே” என்றார் அப்பா. கடைசியில் படக்கருவியைத்தான் இறக்க வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பேருந்தில் நடத்துநர் பம்பைக்குச் சுமைக்கட்டணம் கேட்டார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அப்பா வாதாடினார். இருவர் மடியும் சேர்ந்தாலும் அது அடங்காது என்றார் நடத்துநர். அதுவும் நியாயமே. நான் சில்லறை கொடுத்து, எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று சீட்டு வாங்கினேன். பம்பையின் சீட்டை ஆய்வக ஏட்டில் அந்த மூன்று தாள்களுக்கு நடுவே வைத்திருக்கின்றேன்.